யாருக்காகச் சுதந்திரம்?

1939 ஜூன் 12 அன்று டீட்ரிஷ் போன்ஹோஃபர் நியூயார்க் துறைமுகத்தில் வந்து இறங்கினார். வயது 33. ஜெர்மானியர், லூத்தரன் போதகர், இறையியலாளர். நாஜிகளின் பிடிக்குள் போக மறுத்த சபைப் பிரிவுக்காக அவர் நடத்திவந்த இறையியல் பள்ளியை 1937-லேயே கெஸ்டபோ இழுத்து மூடியிருந்தது. அவர் வயதுக்காரர்களை ராணுவத்துக்கு அழைக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹிட்லருக்காகத் துப்பாக்கி தூக்க அவருக்கு மனம் இல்லை. மறுத்தால் அவரோடு சேர்த்து அந்தச் சபைக்கும் ஆபத்து. அமெரிக்க நண்பர்கள் அவரை வெளியே கொண்டுவர ஏற்பாடு செய்தார்கள். வேலை, தங்க இடம், புத்தகங்கள், பாதுகாப்பு எல்லாம் தயார்.

ஒரு மாதம்கூட முழுசாக அவர் அங்கே இருக்கவில்லை. ஜூலை 7 இரவு கப்பலேறி ஜெர்மனிக்கே திரும்பிவிட்டார். அடுத்த இரண்டு மாதத்துக்குள் போர் தொடங்கியது. 1943 ஏப்ரல் 5 அன்று கைதானார். 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளாசன்பர்க் வதைமுகாமில் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வாரம் கழித்து அமெரிக்கப் படை அந்த முகாமுக்குள் நுழைந்தது.

இதை முதன்முதலில் படித்தபோது எனக்கு வந்தது மரியாதை அல்ல, எரிச்சல். அட, வெளியே வந்துட்டீங்களே, அப்புறம் என்ன? சுதந்திரம் என்று நாம் சொல்கிற எல்லாமே அந்த நியூயார்க் அறையில் இருந்தது. நினைத்ததைப் பேசலாம், எழுதலாம், பிரசங்கம் பண்ணலாம், நடுராத்திரியில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மனிதர் சிறைப்பட்ட நாட்டுக்குள் தானாக நடந்து போகிறார். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதையே சுதந்திரம் என்கிறார்கள். இது வார்த்தை விளையாட்டா, அல்லது சுதந்திரம் பற்றி நமக்குத் தெரியாத ஏதாவது இதில் இருக்கிறதா? இந்தக் கேள்வி என்னை ரொம்ப நாளாக விடவில்லை.

*

நம் தலைமுறைக்குச் சுதந்திரம் என்றால் என்ன என்பதில் பெரிய குழப்பம் இல்லை. யாரும் கேள்வி கேட்கக்கூடாது. எத்தனை மணிக்கு வந்தாய், யாரோடு பேசினாய், சம்பளத்தை என்ன செய்தாய் என்று கேட்க ஆள் இல்லாத ஒரு அறை, அதன் சாவி நம் பையில். 1958-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஐசையா பெர்லின் ஆற்றிய புகழ்பெற்ற உரையில் இதற்கு எதிர்மறைச் சுதந்திரம் என்று பெயர். அதாவது, குறுக்கீடு இல்லாமை.

இதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஊரில் தெருவின் பெயரைச் சொன்னதுமே சாதி தெரிந்துவிடும் என்பதால் சென்னைக்கு வந்த நண்பர்கள் எனக்கு உண்டு. ராத்திரி பத்து மணிக்கு ஒரு டீ குடிக்கப் போவதற்கே வீட்டோடு வருஷக்கணக்கில் சண்டை போட்ட தோழிகள் உண்டு. அவர்களிடம் போய் "உண்மையான சுதந்திரம் உள்ளத்தில் இருக்கிறது" என்று சொன்னால், கையில் இருக்கும் டீயை முகத்தில் ஊற்றுவார்கள். ஊற்றத்தான் வேண்டும்.

ஆனால் அந்த அறைக்குள் போன பிறகு என்ன? சாவி கிடைத்தபின் வருகிற ஒரு ஞாயிற்றுக்கிழமையை யோசித்துப் பாருங்கள். எங்கும் போகலாம், யாரையும் பார்க்கலாம். படுக்கையிலேயே கிடந்து போனைத் தள்ளிக்கொண்டே மதியம் மூன்று மணியாகிவிடுகிறது. கூடப் படித்தவன் கார் வாங்கிவிட்டான். இன்னொருத்தி கனடா போய்விட்டாள். நாம் போட்ட படத்துக்கு லைக் குறைவு. வெளியிலிருந்து கேள்வி கேட்க ஆளில்லாத அறையில், உள்ளேயிருந்து ஒரு ஆள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறான்: நீ யாருக்கு என்னவாகத் தெரிகிறாய்? இந்த ஆளிடமிருந்து தப்ப எந்தச் சட்டமும் உதவாது.

கிறிஸ்தவ மரபு இந்த ஆளை வெகு காலமாக அறியும். நாலாம் நூற்றாண்டு முடியும் நேரத்தில் அகஸ்டின் தன் வாழ்வைத் திரும்பிப் பார்த்து எழுதும்போது, தன்னைக் கட்டியிருந்த சங்கிலியை வேறு யாரும் செய்யவில்லை, தன் விருப்பமே அதை அடித்துச் செய்தது என்கிறார். விருப்பம் பழக்கமாகி, பழக்கம் கட்டாயமாகிவிட்டது. ஆயிரத்து நூறு வருஷம் கழித்து லூத்தர் அதற்கு ஒரு உருவம் கொடுக்கிறார்: தனக்குள்ளேயே வளைந்துபோன மனிதன். முதுகு வளைந்தவனுக்குத் தன் காலடி மட்டும்தான் தெரியும். அவனைத் திறந்த வெளியில் கொண்டுபோய் நிறுத்தினாலும் அவன் பார்ப்பது தன் கால்களைத்தான்.

பாவம் என்றதும் நமக்குச் சிகரெட், குடி, காமம் என்று ஒரு பட்டியல் ஞாபகம் வரும். ஞாயிறு பள்ளியில் நமக்குக் கொடுக்கப்பட்டது அந்தப் பட்டியல்தான். லூத்தரின் இந்தச் சித்திரத்தில் பட்டியல் இல்லை, ஒரு உடல்நிலை இருக்கிறது. வளைந்திருப்பவன் தன் பலத்தால் நிமிர முடியாது. "நான் நிமிர்ந்திருக்கிறேனா?" என்று பார்ப்பதும் தன்னைப் பார்ப்பதுதானே. வெளியிலிருந்து யாரோ கூப்பிட வேண்டும். அந்தக் குரலுக்குத் தலை தூக்கும்போதுதான் முதுகு நிமிர்கிறது.

இங்கேதான் போன்ஹோஃபர் வருகிறார். 1932–33 குளிர்காலத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் ஆதியாகமத்தின் முதல் அதிகாரங்களைப் பற்றி உரைகள் நிகழ்த்தினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஹிட்லர் ஆட்சிக்கு வந்துவிட்டார். சுதந்திரம் ஒரு மனிதனிடம் இருக்கும் பொருளோ குணமோ அல்ல என்பது அவர் அதில் முன்வைத்த வாதம். உயரம், நிறம் மாதிரி அதைத் தனியாளிடம் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. அது இரண்டு பேருக்கு நடுவே நிகழ்வது. ஒருவர் இன்னொருவருக்காக இருக்கும்போது மட்டும்தான் அது இருக்கிறது. கடவுளே தன் சுதந்திரத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் மனிதனுக்காக இருக்கத் தேர்ந்துகொண்டார், ஆகவே நமக்கும் வேறு மாதிரிச் சுதந்திரம் கிடையாது என்கிறார்.

இதை வைத்துக்கொண்டு அந்த நியூயார்க் அறையைத் திரும்பப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. அந்தச் சில வாரங்களின் நாட்குறிப்பு நிம்மதியான ஒருவர் எழுதியது அல்ல. வேலை ஓடவில்லை, ஊர்ச் செய்திக்காகத் தவிக்கிறார், விட்டுவிட்டு வந்த சகோதரர்களையே நினைக்கிறார். தன் முடிவுக்கான காரணம் தனக்கே முழுசாகத் தெளிவாக இல்லை என்றுகூட எழுதுகிறார். எனக்கு இந்த இடம் முக்கியம். தியாகி என்றால் தெளிவான முகத்தோடு நடந்துபோகிறவர் என்று நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. இந்த மனிதர் குழம்பிக்கொண்டேதான் திரும்பினார். போகும்முன் நீபருக்கு எழுதிய கடிதத்தில் மட்டும் ஒரு விஷயம் துல்லியமாக இருக்கிறது. ஜெர்மனியின் கிறிஸ்தவர்களுக்கு முன்னால் இரண்டே வழி: நாகரிகம் பிழைக்கத் தங்கள் நாடு தோற்க வேண்டும் என்று விரும்புவது, அல்லது நாட்டின் வெற்றியை விரும்பி நாகரிகத்தை அழிப்பது. எதைத் தேர்வது என்று தனக்குத் தெரியும், ஆனால் பத்திரமான இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதைத் தேர முடியாது என்பது அவர் நிலை.

*

இதுவரை எழுதியதை என் அத்தை படித்தால் என்ன சொல்வார் என்று யோசித்தபோது எனக்குக் கை நின்றுவிட்டது.

அத்தை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஆச்சி படுக்கையில் விழுந்த பிறகு ஒன்பது வருஷம் பார்த்துக்கொண்டது அவர்தான். குளிப்பாட்டுவது, பெட்பேன் எடுப்பது, முதுகில் புண் வராமல் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால், "உங்க அத்தை மாதிரி யாரு இருக்கா, பரலோகத்துல பெரிய பலன் இருக்கு" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். ஆச்சி இறந்து இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் கேட்டேன்.

"அத்தை, உங்களுக்கு எரிச்சலே வரலையா?"

"ஏன் வராது? தெனமும் வந்துச்சு. ஆனா அம்மா மேல இல்லல. ராத்திரி புரட்டிப் போடும்போது அவ என் கையைப் பிடிச்சுக்கிடுவா பாரு, அதை நான் யாருக்கும் விட்டுக் குடுத்திருக்க மாட்டேன். எனக்கு எரிச்சல் உங்க அப்பா மேல, உங்க சித்தப்பா மேல. மாசம் ஒருநாள் வந்து ஒரு பெட்பேன் எடுத்திருந்தா என்ன? பழம் வாங்கிட்டு வந்து பைபிள் வாசிச்சு ஜெபம் பண்ணிட்டுப் போவாங்க."

அன்பினால் கிடைக்கும் சுதந்திரம் என்று யார் பேசினாலும் அத்தையின் இந்தப் பதிலைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்று நினைக்கிறேன். அந்தப் பேச்சுக்கு ரொம்பக் கெட்ட ஒரு சரித்திரம் இருக்கிறது.

1520-ல் லூத்தர் கிறிஸ்தவனின் சுதந்திரம் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அதன் மையத்தில் ஒன்றோடொன்று முட்டும் இரண்டு கூற்றுகள். விசுவாசத்தினால் கிறிஸ்தவன் எவருக்கும் கீழ்ப்பட்டவன் அல்ல. அன்பினால் அவன் எல்லோருக்கும் கீழ்ப்பட்டவன். கடவுளின் தயவைச் சம்பாதிக்க வேண்டிய வேலை இனி அவனுக்கு இல்லை. அதனால் கை காலியாக இருக்கிறது, அந்தக் கை அடுத்தவனுக்கு. அழகான சிந்தனைதான். ஐந்து வருஷம் கழித்து, 1525 மார்ச்சில், மெம்மிங்கன் நகரில் கூடிய விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை அச்சிட்டு வெளியிட்டார்கள். மூன்றாவது, பண்ணையடிமை முறை ஒழிய வேண்டும் என்பது. கிறிஸ்து எல்லோரையும் தன் இரத்தத்தால் மீட்டார், ஆடு மேய்ப்பவனையும் சேர்த்துத்தான், அப்படியானால் நாங்கள் எப்படி ஒருவரின் உடைமை என்று கேட்டார்கள். லூத்தரிடம் கற்றதைத்தான் திருப்பிச் சொன்னார்கள்.

லூத்தர் பிரபுக்களையும் கண்டித்தார். ஆனால் இந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. ஆன்மாவின் சுதந்திரத்தை இவர்கள் உடம்புக்கானதாக ஆக்கிவிட்டார்கள், அடிமையாக இருந்துகொண்டே ஒருவன் கிறிஸ்தவச் சுதந்திரத்தோடு வாழலாம் என்று எழுதினார். அடுத்து, விவசாயிகளை வெட்டிச் சாய்க்கப் பிரபுக்களைத் தூண்டும் ஒரு பிரசுரமும் அவர் கையிலிருந்து வந்தது. இறந்தவர்கள் ஒரு லட்சம் பேர் வரை இருக்கலாம் என்று வரலாற்றாளர்கள் மதிப்பிடுகிறார்கள்.

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. லூத்தரன் கிறிஸ்தவம் 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கியது. அடுத்த நூற்றாண்டில், 1833-ல், ஆங்கிலிக்கன் ஆயர் டேனியல் வில்சன் சபைகளுக்குள் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் சபையார் கடுமையாக எதிர்த்தார்கள். உள்ளத்தில் எல்லோரும் ஒன்று, பாயில் மட்டும் தனித்தனி.

பெர்லின் தன் உரையில் எச்சரித்ததும் இதைத்தான். சுதந்திரம் என்பது குறுக்கீடு இல்லாமை அல்ல, நம் உண்மையான சுயத்தை அடைவதுதான் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால், அந்த உண்மையான சுயத்துக்கு என்ன வேண்டும் என்று நமக்குப் பதிலாக வேறு யாரோ முடிவு பண்ணிவிடுவார்கள். "உனக்கு உண்மையில் வேண்டியது ஊழியம்தான் மகளே" என்பார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் வரும் மகா விசாரணையாளர் இந்த ரகம்தான். மனிதர்களால் சுதந்திரத்தைத் தாங்க முடியாது, அவர்கள் மீதுள்ள அன்பினால் அதை நாங்கள் வாங்கி வைத்துக்கொண்டோம் என்று கிறிஸ்துவிடமே சொல்கிறார். அன்பு என்ற சொல்லை வைத்து எதை வேண்டுமானாலும் பறிக்கலாம்.

*

அப்படியானால் போன்ஹோஃபரையும் அந்த விவசாயியையும் பிரிப்பது எது? இருவரிடமும் சொல்லப்பட்டது ஒரே வாக்கியம்தானே: அன்பினால் பணி செய்.

யோவான் நற்செய்தியின் 13-ஆம் அதிகாரத்தில் இதற்கு ஒரு பதில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கால் கழுவும் காட்சி. பெரிய வியாழன் அன்று பல சபைகளில் இதைச் செய்கிறோம், பணிவுக்கு உதாரணமாகப் பிரசங்கிக்கிறோம். ஆனால் குனிகிறவர் யார் என்பதை வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தக் காலத்தில் கால் கழுவுவது அடிமையின் வேலை. அந்த அறையில் ஒரு அடிமை வந்து கழுவியிருந்தால் அது செய்தியே அல்ல, தினமும் நடப்பது. கழுவியவர் போதகர். தான் எங்கிருந்து வந்தேன், எங்கே போகிறேன் என்று தெரிந்தவராக எழுந்தார் என்று யோவான் குறிப்பாகச் சொல்கிறார். யாரும் அவரைக் குனியச் சொல்லவில்லை. பேதுரு வேண்டாம் என்று தடுக்கவே செய்தார்.

இறங்குவதற்கு ஒரு உயரம் கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தரையில் தள்ளப்பட்டவரிடம் போய் "இன்னும் குனி" என்று சொல்வது நற்செய்தி ஆகாது. பவுல் கலாத்தியருக்கு எழுதும்போது, விடுதலைக்கு அழைக்கப்பட்டவர்கள் அன்பினால் ஒருவருக்கொருவர் பணி செய்ய வேண்டும் என்கிறார். கிரேக்க மூலத்தில் அவர் போடும் வினைச்சொல் அடிமைத்தொண்டைக் குறிப்பது. அதிர்ச்சியான சொல்தான். ஆனால் "ஒருவருக்கொருவர்" என்பதும் கூடவே இருக்கிறது. ஒருவரே எல்லோருக்கும் செய்து மற்றவர்கள் பழம் வாங்கி வருவது இந்த வாக்கியத்துக்குள் வராது.

ஆக, அன்பு பற்றிய கட்டளையை நான் எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். எனக்குக் கீழே இருக்கிறவர் மேல் அதைச் சுமத்தி, அதில் நான் லாபம் பார்க்க முடியாது. லூத்தர் 1520-ல் எழுதியதை 1525-ல் பிரபுக்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும்: உங்கள் கை காலியாக இருக்கிறது, அந்தப் பண்ணையடிமைகளை விடுதலை செய்யுங்கள், அதுதான் உங்கள் சுதந்திரம் என்று.

போன்ஹோஃபர் இதை எங்கே கற்றார் என்பதும் சுவாரஸ்யமான விஷயம். 1930–31-ல் அவர் முதல்முறை நியூயார்க் போயிருந்தபோது, ஒரு கறுப்பின நண்பரின் துணையோடு ஹார்லமில் இருந்த அபிசீனியன் பாப்டிஸ்ட் சபைக்குப் போய்வந்தார், அங்கே ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்தார். ஊர் திரும்பும்போது கறுப்பின ஆன்மிகப் பாடல்களின் இசைத்தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், பின்னாளில் தன் இறையியல் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார். அடிமைகள் உண்டாக்கிய பாடல்கள் அவை. அவற்றில் யோர்தான் என்றால் பரலோகத்தின் எல்லையும்தான், தப்பிப் போகிறவர்கள் தாண்ட வேண்டிய ஆறும்தான். உள்ளத்தின் விடுதலை, உடம்பின் விடுதலை என்று இரண்டாகப் பிரிக்கும் ஆடம்பரம் பாடியவர்களுக்கு இல்லை.

*

போன்ஹோஃபரின் வாழ்வில் இன்னொரு தருணம் இருக்கிறது. நியூயார்க்கைவிட எனக்கு அதுதான் கனமானது. 1944 செப்டம்பர் கடைசியில் டேகல் ராணுவச் சிறையிலிருந்து தப்பிக்க ஒரு திட்டம் தயாரானது. அவரிடம் அன்பாக இருந்த காவலர் ஒருவரே கூட வரச் சம்மதித்திருந்தார். குடும்பத்தார் மாற்று உடையை ஏற்பாடு செய்து கொடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து அண்ணன் கிளவுஸ் கைதானார். இப்போது தான் தப்பினால் அண்ணனையும் பெற்றோரையும் அவர்கள் என்ன செய்வார்கள் என்பது தெரிந்ததே. திட்டத்தைக் கைவிட்டார். சில நாட்களில் கெஸ்டபோவின் பாதாளச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

இருந்தும் குடும்பம் தப்பவில்லை. போன்ஹோஃபர் இறந்த அதே மாதத்தில் கிளவுஸையும் கொன்றார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அவர் தங்கியதில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. அன்புக்கு அப்படி ஒரு உத்தரவாதமும் கிடையாது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஆனால் அந்த அறையில் அன்றைக்கு எடுக்கப்பட்ட முடிவு சிறை அதிகாரிகளுடையது அல்ல. கதவு ஓரளவு திறந்திருந்தது, போயிருக்கலாம், யாரும் இரு என்று கட்டளையிடவில்லை. அண்ணனின் முகம் அவரைக் கூப்பிட்டது, அவர் திரும்பினார். உயிர்ப்பயத்தைவிடப் பலமான ஒன்று ஒரு மனிதனை நகர்த்தும் என்றால், பயத்தை மட்டுமே ஆயுதமாக வைத்திருக்கும் அரசுக்கு அவன் மேல் பிடி இல்லை. அதைச் சுதந்திரம் என்று சொல்ல இப்போது எனக்குத் தயக்கமில்லை.

அத்தை? அவருக்குக் கதவு திறந்திருக்கவில்லை. மாட்டேன் என்று சொல்ல இடமில்லாதபோது சொன்ன சரிதான் அவருடையது. ஆனாலும் ராத்திரி தன் கையைப் பிடித்த அந்தக் கையை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். அந்த இடத்தில் அவர் நம் எல்லோரையும்விடச் சுதந்திரமாக இருந்தார் என்று நம்புகிறேன். அது அவருடைய சம்பாத்தியம். அவரை அங்கே தனியாக விட்டவர்கள் அதைக் காட்டித் தங்களை நியாயப்படுத்திக்கொள்ள முடியாது. கட்டாயத்துக்குள்ளும் அன்பு முளைக்கும், அதனால் கட்டாயம் நல்லதாகிவிடாது. இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கதையில் சுதந்திரம் இழந்தவர்கள் என் அப்பாவும் சித்தப்பாவும்தான் என்று இப்போது தோன்றுகிறது. ஆம்பளை பெட்பேன் எடுப்பதா என்ற கூச்சம் அவர்களைக் கட்டியிருந்தது. பெற்ற தாயின் உடம்பைத் தொட்டுத் துடைக்க முடியாமல் ஒன்பது வருஷம் பழப்பையோடு வாசலில் நின்றார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. பெர்லின் கணக்கில் அவர்கள் முழுச் சுதந்திரர்கள். அந்த அறைக்குள் நுழைந்து ஒரு ராத்திரி ஆச்சியைப் புரட்டிப் போட்டிருந்தால் அத்தைக்குத் தூக்கம் கிடைத்திருக்கும், இவர்களுக்கு அம்மாவின் கை கிடைத்திருக்கும்.

போன மாதம் அத்தைக்கு முழங்கால் ஆபரேஷன் என்று தேதி குறித்திருக்கிறார்கள். யார் யார் எத்தனை நாள் லீவு போடுவது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு அட்டவணை ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா தன் பெயரை இரண்டு ராத்திரிக்கு எழுதியிருக்கிறார்.